வேப்பிலையோடு வாங்க

“சாப்ட்டீங்களா” என்று அந்த நர்ஸ் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. “நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?” என்றுதான் கேட்பார். முதலில் எனக்கு அது ஏதோ வம்பு விசாரிக்கிற மாதிரி இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் பட்டினி கிடப்பவர்கூட “ஆச்சு, ஆச்சு” என்றுதான் சொல்வார். அது பதில் இல்லை, மரியாதை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் திணறுவார். “என்னத்த... ஒரு வாய் மோர்த்தண்ணி” என்று உண்மை வெளியே வரும்.

அதே மாதிரி “வலிக்குதா” என்றும் கேட்க மாட்டார். “எந்தப் பக்கமா படுத்தீங்க?” என்பார். வலியை இல்லை என்று சொல்லிவிடலாம், படுத்த பக்கத்தை மாற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

நான் எட்டாவதோடு நின்றவள். புற்றுநோய் பார்க்கும் நர்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் பாடமாகவே எழுதி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த இந்த ஒருவர்தான்.

நோய் வந்தது என் நாத்தனாருக்கு. என் வீட்டுக்காரருக்குத் தங்கை. வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பாப்பாதான். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் சீக்கிரமே திரும்பி வந்து, மீன்சுருட்டியில் எங்களோடு இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்து கிடக்கும். எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை இல்லாமல் பொழுது போகாது.

“அண்ணி, இந்த ரசத்துல மூஞ்சி கழுவலாம், சோத்துல ஊத்த முடியாது.”

“கழுவு. அப்பவாச்சும் வெளுக்குதான்னு பாப்பம்.”

மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, அதற்கப்புறம் மருந்து ஏற்றிக்கொள்ளப் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து அரியலூர், அப்புறம் பெரம்பலூர். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே பஸ் ஊரும். என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு லாரிதான் ஓட்டுகிறார், ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வண்டி. எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பாப்பாவோடு போகிற வேலை என் வேலையாகிவிட்டது.

மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலி. பாப்பாவுக்குப் போட்டது சிவப்பு மருந்து. அதே மருந்து போட்டுக்கொள்ள வரும் குரும்பலூர்க்கார அம்மா ஒருவர் அதற்கு ரோஸ்மில்க் என்று பேர் வைத்திருந்தார். “என்னாடி, ஒனக்கு ரோஸ்மில்க் வந்துடுச்சா? எனக்கு இன்னும் கலக்குறாங்களாம்” என்று எட்ட இருந்தே குரல் கொடுப்பார். தலையில் ஒரு முடி கிடையாது அவருக்கு. “முடி போனா போவுது, சீப்பு வாங்கற செலவு மிச்சம்” என்பார். கூடமே சிரிக்கும். சிரித்த கையோடு இரண்டு பேர் வாந்தி எடுப்பார்கள். அப்படித்தான் அந்த இடம்.

பாப்பாவுக்கு நரம்பு கிடைக்காது. மற்ற நர்ஸுகள் தட்டித் தட்டித் தேடுவார்கள். இந்த நர்ஸ் ஊசியைத் தொடவே மாட்டார். வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துக் கட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி விலை கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே நரம்பு எழும்பி வரும். அந்தச் சிவப்பு மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடுமாம். அது உள்ளே போகிற நேரம் முழுக்க அவர் கண்ணும் விரலும் அந்தக் கையைவிட்டு நகராது, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

ஆனால் அவர் சொன்னதிலேயே முக்கியமானது காய்ச்சல் பற்றித்தான்.

“ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்க. இந்த மருந்து கெட்டதோட சேத்து அவங்களையும் கொஞ்ச நாளைக்கு வெளிய அனுப்பிடும். அந்த நேரத்துல காய்ச்சல் வந்தா வூட்ல வச்சிப் பாக்காதீங்க. மாத்திரை போட்டுட்டுத் தூங்காதீங்க. எந்த நேரம்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. வர்றதுக்கு லேட்டானா உசுருக்கே ஆபத்து.”

“காவக்காரன் ஊருக்குப் போனா தோப்புல முந்திரி திருட்டுப் போற மாதிரி” என்றாள் பாப்பா.

“அதேதான். திருடன் சின்னப் பயலா இருந்தாலும் தோப்பையே வழிச்சிட்டுப் போயிடுவான்.”

இது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. பின்னால் நடந்தது இது புரியாமல் போனதால் இல்லை.

சித்திரை வெயிலில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அம்மை வந்தது. கொஞ்ச நாளில் பாப்பாவுக்கும் உடம்பு சுட்டது, அதுவும் அம்மைதானோ என்று போன் செய்யத் தயங்கினோம். மறுநாள் காலையில் கழுத்தில் முத்து. கொப்புளத்தை முத்து என்றுதான் சொல்வோம். என் மாமியார் பார்த்தார், உடனே கையைக் கூப்பினார். “ஆத்தா வந்து எறங்கியிருக்கா.”

அதற்கப்புறம் வீடு வேறு வீடாக மாறிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. மருந்து மாத்திரை, ஊசி என்ற பேச்சே எழக் கூடாது. முத்து இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் தலைக்கு ஊற்றுகிற வரைக்கும் அந்த உடம்பு வாசற்படி தாண்டக் கூடாது. நோய் வந்திருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டோம். விருந்தாளி வந்திருக்கிறாள், மனம் கோணாமல் வைத்திருந்து அனுப்ப வேண்டும் என்றுதான் நினைப்போம். காய்ச்சலுக்கு நர்ஸ் சொன்ன சட்டம் ஒரு பக்கம் இருந்தது. ஆத்தாவுக்குச் சட்டம் எங்கள் வீட்டில் தலைமுறையாக இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் வந்து முட்டும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் போனது. பாப்பா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். மாமியார் இளநீரும் நுங்கும் ஊட்டிவிட்டார். பெற்ற பிள்ளையைத் தொட்டுக் கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் போன் செய்தார். பாப்பா ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய நாள் அது.

“ஏன் வரல?”

“வூட்ல கொஞ்சம் விசேஷம் சிஸ்டர். ஒரு வாரம் கழிச்சி வரோம்” என்றேன். ஆத்தா இருக்கும் வீட்டில் அதைப் போனில் சொல்லுகிற வழக்கம் இல்லை.

“சரி. பாப்பாவுக்குக் காய்ச்சல் எதுவும் உண்டா?”

“அதெல்லாம் இல்ல சிஸ்டர்.”

 அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். “இன்னிக்கு என்ன கொழம்பு?”

“கொழம்பு இல்ல. பருப்பு வேகவச்சேன், தயிர் இருக்கு.”

“பருப்பத் தாளிச்சீங்களா?”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அக்கா, வாசல்ல வேப்பிலை செருகியிருக்கா?”

“ம்” என்றேன்.

“யாருக்கு?”

“பாப்பாவுக்குத்தான்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “போன அவகிட்ட குடுங்க. ஒண்ணுலேர்ந்து மூச்சு விடாம எண்ணச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

பாப்பா தலையைத் தூக்கினாள். “என்னா சிஸ்டர், பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்களா?”

“ஆமா, எண்ணு.”

எண்ணினாள். பத்தைத் தாண்டவில்லை. இருமல் வந்து நின்றது. முந்திரி எண்ணும்போது நூறு வரைக்கும் ஒரே இழுப்பில் இழுக்கிறவள். அப்போதுதான் நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

“அம்மாகிட்ட குடுங்க” என்றார் நர்ஸ்.

மாமியார் போனை வாங்கவில்லை. தூரத்தில் நின்றே பேசினார். “ஆத்தா இருக்கற வூட்ல ஆஸ்பத்திரிப் பேச்சு வேணாம் தாயி.”

“அம்மா, எங்க ஊரு பூலாம்பாடி. எங்க வூட்லயும் ஆத்தா வந்தா தாளிக்க மாட்டோம்.”

“அப்ப ஒனக்கே தெரியும்ல்ல? தண்ணி ஊத்தாம எப்படி வாசப்படி தாண்டறது?”

“தெரியும்மா. மத்தவங்களா இருந்தா நான் கேக்க மாட்டேன். இவ ஒடம்புல காவலுக்கு ஆளே இல்லம்மா. முத்து வெளிய மட்டும் போடல, நெஞ்சுக்குள்ளயும் போட்டிருக்கும்னு பயமா இருக்கு. மூச்சு எட்டல, கேட்டீங்கள்ல? ஆத்தாவ வுட்டுட்டு வரச் சொல்லல. வேப்பிலையோட வாங்க. இங்க தனி ரூம் போடச் சொல்றேன். வெளியாளு எட்டிப் பாக்க மாட்டாங்க. கை கால் கழுவாம ஒருத்தரும் உள்ள வர முடியாது. தாளிச்ச சோறு வராது. ஒங்க வூட்ல என்ன மொறையோ, பாதிக்கு மேல இங்கயும் அதே மொறதான்.”

மாமியார் யோசித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டார். “வர்ற பொண்ணுங்க தீட்டோட வந்தா?”

இல்லை, யாரும் அப்படி வர மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் மனதுக்குள் சொல்லு சொல்லு என்று கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை.

“அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாதும்மா. வேலைக்கு வர்ற பொண்ணுங்கள நான் அதக் கேக்க முடியாது. குளிச்சி, சுத்தமான துணி போட்டு, வாய்க்கு மாஸ்க் கட்டிட்டுத்தான் வருவாங்க. அதுக்கு மட்டும் நான் பொறுப்பு.”

“அப்ப வேணாம்” என்றார் மாமியார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.  போனில் நர்ஸ் இன்னும் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது, பின்னால் யாரோ ஸ்டிரெச்சர் தள்ளுகிற சத்தம்.

பாப்பாதான் பேசினாள். “ஏம்மா, ஆத்தா ஒன் வாசப்படியிலயா இருக்கா? என் ஒடம்புலதான இருக்கா. நான் எங்க போனாலும் கூடத்தான வருவா. இங்கயே கெடந்து செத்தா என்னோட அவளும்தான சாவா?”

“வாயக் கழுவுடி!” என்று கத்தினார் மாமியார். கத்திவிட்டு, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேப்பிலை ஒடிக்கப் போனார்.

நூற்றியெட்டு வண்டி வந்தது. வழியில் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். பெரம்பலூர் டாக்டர் ஏற்கெனவே அங்கே பேசி வைத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் முன்வாசலில் இல்லை, பின்பக்கம் நின்றிருந்தார். மருந்துக் கூடத்தைத் தாண்டாமல் போக ஒரு வழி அங்கேதான் இருந்தது.

பாப்பா கேட்டாள். “ரோஸ்மில்க் அம்மா வந்திருக்காங்களா? ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.”

“வந்திருக்காங்க. பாக்கக் கூடாது. அவங்களுக்கும் காவலுக்கு ஆள் இல்ல.”

பாப்பா தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது எனக்கு. எங்களுக்காக அவ்வளவு தவித்தவர், அதே நேரத்தில் எங்களிடமிருந்து மற்றவர்களையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு ஏற்கெனவே அம்மை போட்டு முடிந்த நர்ஸுகளாகப் பொறுக்கி வைத்திருந்தார். அவர் கன்னத்திலும் பழைய வடு ஒன்று இருந்தது.

வேப்பிலையை மாமியார் கட்டிலில் பரப்பப் போனபோது தடுத்தார். “உள்ள வேணாம்மா. பச்சை எலையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். கதவுக்கு வெளிய கட்டுங்க.” கயிறு அவரே கொண்டுவந்தார். மாமியார் கட்டினார். டாக்டர் வந்து அதைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கை கழுவிவிட்டு உள்ளே போனார்.

இனி நடந்ததை நீட்டி எழுத எனக்கு மனசில்லை. மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. மூச்சு இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கில் வைத்த குழாய் போய் முகமூடி வந்தது. வாய் முழுக்கப் புண். நர்ஸ் விரலில் துணி சுற்றி, நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிடுவார். அவசரமே இருக்காது அந்தக் கையில்.

ஒரு மத்தியானம் பாப்பா முகமூடியை விலக்கிக் கேட்டாள். “சிஸ்டர், நான் செத்துடுவனா?”

நான் சுவரைப் பார்த்தேன். நர்ஸ் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்தப் பயம் எனக்கும் இருக்கு பாப்பா. மருந்து இன்னும் வேலை செய்யுதான்னு பாத்துட்டிருக்கோம். நிறுத்தல.”

பாப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். “சரி. அப்ப எங்க அண்ணிய கிட்ட வரச் சொல்லுங்க. நாலு திட்டு பாக்கி இருக்கு.”

கிட்டப் போனேன். “என் தோட்ட எடுத்துப் போட்டுக்காதீங்க. ஒங்க காதுக்கு எடுக்காது” என்றாள். அதற்கு மேல் மூச்சு இல்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் எங்களை வெளியே கூப்பிட்டார். என் வீட்டுக்காரரும் வண்டியை ரெட்டிபாளையத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். “தொண்டைக்குள்ள குழாய் போட்டு மிஷின்ல வைக்கப் போறாங்க. போட்டா பேச்சு வராது. அதுக்கப்புறம் பேசுவாளான்னு எனக்குத் தெரியாது. பேச வேண்டியத இப்ப பேசிடுங்க” என்றார்.

இதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? தைரியமா இருங்க என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம். ஊசி போடுவதையும் நரம்பு பிடிப்பதையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்த ஒரு காலை நேரத்தை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது கற்றுக்கொண்டு வருவதா, பார்த்துப் பார்த்து நொந்து வருவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என்ன பேசுவது? என் வீட்டுக்காரர் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் குனிந்து, “நுங்கு வேணுமாடி?” என்று கேட்டார். பாப்பா கண்ணால் வேணாம் என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

மிஷினில் வைத்த மறுநாள் பகலில் போய்விட்டாள்.

நர்ஸே குளிப்பாட்டித் துடைத்தார். முத்து உடையாமல் ஒற்றி ஒற்றி. முடிந்து வெளியே வந்து கையுறையைக் கழற்றும்போது மாமியார் அவர் முன்னால் போய் நின்றார். அழவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மொத நாளே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா?”

“அம்மா, விடுங்க” என்றார் என் வீட்டுக்காரர். நானும் மாமியார் கையைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது.

“உறுதியா சொல்ல முடியாதும்மா. மொத நாளே வந்தும் போனவங்க இருக்காங்க. ஆனா வந்திருந்தா பொழைக்கறதுக்கு வழி கூடுதலா இருந்திருக்கும்.”

மாமியார் தலையை மெல்ல ஆட்டினார்.

“இன்னொண்ணும் இருக்கும்மா” என்றார் நர்ஸ். கழற்றிய கையுறையைக் கைக்குள்ளேயே சுருட்டிக்கொண்டிருந்தார். “காய்ச்சல் வந்தா போன் பண்ணுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஆத்தா வந்தா என்ன பண்ணணும்னு நான் ஒரு தடவகூட சொல்லல. பூலாம்பாடில பொறந்து வளந்தவ நான். எனக்குத் தோணியிருக்கணும்.”

“பொய் சொல்லியிருக்கலாம்ல நீ. ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு.”

“சொல்லியிருக்கலாம். வூட்டுக்குப் போயி நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சிருப்பீங்க. அப்ப பக்கத்துல யாரும் இருந்திருக்க மாட்டாங்க.”

இரண்டு பேரும் அந்த நடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், உடம்பை எடுத்துப்போக வண்டி வருகிற வரைக்கும். யாரோ நர்ஸைக் கூப்பிட வந்தார்கள். “கொஞ்ச நேரத்துல வரேன்” என்று அனுப்பிவிட்டார்.

அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆத்தா வந்து கூட்டிக்கிட்டா, கொடுத்து வச்சவ. அதைச் சொல்லத்தான் அவர்கள் வருகிறார்கள், கேட்டுக்கொண்டு அழத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மாமியார் அப்படி அழ மறுத்துவிட்டார்.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா, கும்பிடு போடாத கோயில் இல்லை அவருக்கு, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். “ஆத்தாவே வந்து அழைச்சிக்கிட்டாளே, இந்தச் சாவு யாருக்குடி கெடைக்கும்...”

மாமியார் அவர் கையை எடுத்துவிட்டார். “ஆத்தாவ இழுக்காத. மூச்சு வாங்கிட்டே கெடந்தா. நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துட்டிருந்தேன். லேட்டாத்தான் கொண்டு போனோம்.”

பெரியம்மாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூட வந்த பெண்கள் தலைப்பைச் சரி செய்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும், தன் வீட்டுக்காரருக்குத் தொண்டைக் கட்டிக்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று முன்பு சொன்னவள், அழுகையை நிறுத்திவிட்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒக்காருங்க” என்றார் மாமியார். “டீ குடிச்சிட்டுப் போங்க.”